முருகேஸ்வரி விதைத்த புல்

என் தங்கை முருகேஸ்வரி நட்ட செடி பட்டுப்போனதாக இந்த மலையில் யாரும் சொல்ல முடியாது. இதை நான் டீக்கடையில் சொல்லியிருக்கிறேன், யூனியன் ஆபீஸ் வாசலில் சொல்லியிருக்கிறேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத ஆளிடமும் சொல்லியிருக்கிறேன். ஜோபியிடமும் சொன்னேன். ஜோபி வீட்டு முற்றத்துப் புல்தரை வேலை அவளுக்குக் கிடைத்தது அப்படித்தான்.

நாங்கள் பூப்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவர்கள். நான் எட்டாவதுவரை படித்து, ஃபேக்டரியில் ட்ரையர் பக்கம் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். அவள் என்னைவிட நான்கு வயது இளையவள். ஐந்தாவதோடு நின்றுவிட்டாள். மற்றப் பெண்களைப் போல முதலில் கொழுந்து எடுக்கத்தான் போனாள். கொழுந்தைத் தோளுக்குமேல் கூடையில் எறியத் தெரியாது அவளுக்கு. ஒவ்வொன்றாக வைப்பாள். எடைபோடும் இடத்தில் அவள் கூடைதான் எப்போதும் இளைத்திருக்கும். கங்காணி ஒருநாள், "இவ கொழுந்து எடுக்க வரல, கொழுந்துக்குத் தாலாட்டுப் பாட வந்திருக்கா" என்று சொல்லி நர்சரிக்கு அனுப்பிவிட்டார். கேலியாகத்தான் அனுப்பினார். ஆனால் அவள் ரிட்டையர் ஆகிறவரை அங்கேதான் இருந்தாள்.

தேயிலை நாற்று வளர்ப்பதைப் பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் நர்சரியில் விதை போடுவது கிடையாது. நல்ல தாய்ச்செடியிலிருந்து ஒரு கணுவும் ஒரு இலையுமாகக் கம்பை நறுக்கி, மண் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் ஊன்றுவார்கள். வேர் பிடிக்கும்வரை அதற்கு நேர் வெயில் ஆகாது. காட்டிலிருந்து பெரணித் தழையை வெட்டிவந்து பாத்தியில் நெருக்கமாகக் குத்தி, நுனிகளை வளைத்துவிட்டு நிழல் கட்ட வேண்டும். இலை வாடாதபடி பூத்தூறலாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். எஸ்டேட்டில் பச்சை வலை வந்தபிறகும் முருகேஸ்வரி பெரணியைத்தான் நம்பினாள். பெரணி காயக் காய நிழல் தானாகக் குறையும், நாற்றும் பையப் பைய வெயிலுக்குப் பழகும் என்பாள். மேல் சரிவில் இன்று இடுப்பளவு நிற்கும் தேயிலை முழுவதும் அவள் கட்டிய நிழலில் பிழைத்ததுதான். சுற்றுலா வருகிறவர்கள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அவள் கணவர் செல்லையா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது மகன் ஈஸ்வரன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். அவனை வளர்த்தாள், பாலிடெக்னிக் படிக்க வைத்தாள். அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெக்கானிக் ஆனான். கல்யாணமும் அங்கேயே ஆகிவிட்டது. சென்ற வருஷம் ஆடி மாதம் அவள் ரிட்டையர் ஆனாள்.

எஸ்டேட்டில் வேலை முடிந்தால், அவர்கள் குடியிருக்கக் கொடுத்த லயத்து வீடும் முடிந்தது. வீட்டில் வேறு யாராவது பேர் பதிந்து வேலை பார்த்தால் வீடு தங்கும். இல்லையென்றால் சாவியை ஆபீசில் கொடுத்துவிட வேண்டியதுதான். வருஷக் கடைசிவரை இருந்துகொள்ள அவளை அனுமதித்தார்கள். அதுவே பெரிய தயவு.

எங்கள் வீடு மருமகள் பேரில் இருக்கிறது. ஒரு அறை, ஒரு அடுக்களை. நான், என் மனைவி மூக்கம்மாள், மகன், மருமகள், பேத்திகள் அதில்தான் படுக்கிறோம். மூக்கம்மாள் வாய்விட்டே கூப்பிட்டாள்.

"இங்கன வந்துரு தாயி. கால நீட்ட முடியாது, மடக்கிக்கிருவோம்."

"ஒங்க மருமக அடுக்களையில நான் எங்கன மதினி நிப்பேன்? அவளே சாஞ்சுக்கிட்டுத்தான் சோறு வடிக்கா" என்று இவள் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டாள்.

திருப்பூர் ஒன்றுதான் மிச்சம். அங்கே அவள் ஒருமுறை போய்க் கொஞ்சநாள் இருந்திருக்கிறாள். மூன்றாவது மாடியில் தகரக்கூரை போட்ட ஒற்றை அறை. மகனும் மருமகளும் ஷிப்டுக்குப் போய்விட்டால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து குளிரிலேயே இருந்த உடம்பு அந்தச் சூட்டில் கொப்புளம் கொப்புளமாகப் பொரிந்துவிட்டது. திரும்பி வந்தபோது முகம் கறுத்து, பேச்சும் குறைந்திருந்தது. "நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க" என்றாள்.  பிறகு யார் திருப்பூர் பேச்சை எடுத்தாலும் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள்.

அந்த நேரத்தில்தான் ஜோபி வீட்டு முற்றத்தில் காட்டுப்பன்றி இறங்கியது.

ஜோபி மலையாளி, ஏலக்காய் வியாபாரி. சின்னக்கானல் போகும் வழியில் வீடு கட்டி, மனைவி நிமியோடு கீழே இருந்துகொண்டு, மேல்மாடி அறைகளைச் சுற்றுலாக்காரர்களுக்கு விடுகிறான். முற்றம் முழுவதும் புல்தரை. அதில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்க்கத்தான் ஆட்கள் வருவதே. டீக்கடையில் அவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"முத்தண்ணா, வந்து கண்டோ? டிராக்டர் விட்ட மாதிரி கெடக்கு. பழைய புல்லுக்கு அடியில முழுக்கப் புழு. அதைத் தின்னத்தான் பன்னி வருது. எல்லாம் மாத்தி, விதை போட்டுப் புதுசா வளர்க்கணும்னு நிமி சொல்றா. அதுக்கு யாரு இருக்கா இங்க?"

"என் தங்கச்சி இருக்கா" என்றேன். முதலில் சொன்னேனே, அதையும் சொன்னேன்.

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் முற்றத்தைச் சுற்றி வந்தாள். ஒரு பிடி மண்ணை எடுத்து நசுக்கிப் பார்த்து, முகர்ந்தாள். ஜோபி பின்னாலேயே நடந்தான்.

"சேச்சி, கிறிஸ்மஸுக்கு ஆளு வரும். அதுக்குள்ள முற்றம் பச்சையாகணும். ஆச்சுன்னா, கிச்சனுக்குப் பின்னால ஒரு ரூம் இருக்கு, அது சேச்சிக்குத்தான். லான் புல்லையும் செடியையும் பார்த்துட்டு இங்கயே இருக்கலாம், கேட்டோ?"

"ஆகலைன்னா?"

"ஐயோ, ஆகும் சேச்சி. ஆகலைன்னா வேற ஆளை வேலைக்கு நிறுத்தணும். அவனுக்கு ரூம் கொடுக்கணும். அவ்வளவுதான்."

அந்த அறையை அவள் அன்றைக்கே பார்த்தாள். தனிக் கதவு, வாசலில் ஒரு குழாய். ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே எங்கள் எஸ்டேட்டின் மேல் சரிவு. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது என்று என்னிடம் கேட்டாள். அடுத்த வாரமே தன் நீல பிளாஸ்டிக் டிரம்மை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய் அந்த அறையில் வைத்தாள். தண்ணீர் பிடித்து வைக்க என்று சொன்னாள். வாசலில் குழாய் இருக்கும்போது டிரம் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வேலையை அவள் எப்படிச் செய்தாள் என்பதை முறையாகச் சொல்கிறேன். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. முதலில் பன்றி வராதபடி ஜோபியை வேலியில் சோலார் மின்கம்பி கட்ட வைத்தாள். பிறகு பழைய புல்லை மண்வெட்டியால் பாளம் பாளமாகச் சீவி எடுத்தாள். அடியில் இருந்த வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கி நிமியின் கோழிகளுக்குப் போட்டாள். மண்ணைக் கொத்தி, வேர்த் துணுக்குகளைக் கையால் எடுத்தாள். மக்கிய சாணத்தையும் மண்ணையும் சலித்துப் பரப்பி, நீளப் பலகையை இழுத்து மட்டம் செய்தாள். பள்ளம் எங்கே என்று தெரிய ஒரு மழைக்குக் காத்திருந்து, தண்ணீர் தேங்கிய இடத்தையெல்லாம் நிரப்பினாள். பிறகு உருளைக்கட்டையை உருட்டி மண்ணை அமர்த்தினாள். விதை கேழ்வரகைவிடப் பொடியாக இருந்தது. அதை மணலில் கலந்து, பாதியை நெடுக்காகவும் பாதியைக் குறுக்காகவும் தூவினாள்.

விதைப் பையில் இங்கிலீஷில் எழுதியிருந்ததை நிமி வாசித்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்.

"சேச்சி, நல்ல வெயில் வேணும்னு போட்டிருக்கு. மேல லேசா மண்ணு போதும், வேற ஒண்ணும் மூட வேண்டாமாம்."

"சரி தாயி" என்றாள் முருகேஸ்வரி. மறுநாள் காலையில் அரிவாளை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய், தலைச்சுமையாகப் பெரணி வெட்டிக்கொண்டு வந்தாள்.

நான் போனபோது முற்றம் முழுவதும் பெரணி குத்தி, நுனி வளைத்து, நர்சரிப் பாத்தி மாதிரியே இருந்தது. எங்கள் எஸ்டேட்டின் ஒரு துண்டை வெட்டி ஜோபி வீட்டுமுன் வைத்ததுபோல இருந்தது.

"என்னத்தா, வெயில் வேணும்னுல்ல அந்தப் பொண்ணு வாசிச்சா?"

"அது வளந்த புல்லுக்குண்ணே. பெறந்த பிள்ளையக் கொண்டுபோயி வெயில்ல போடுவாகளா? குருவி வேற கொத்திட்டுப் போகுது. கொஞ்சம் தலை எடுக்கட்டும், பெரணி தானாக் காஞ்சு வெயில விட்ரும்."

அவள் சொன்னது எனக்கும் நியாயமாகப் பட்டது. மண்ணில் அவள் செய்த ஒன்று தப்பிப்போய் நான் பார்த்ததில்லையே.

ஒரே தொல்லை ரூபிதான். ரூபி ஜோபியின் நாய். படிக்கட்டுப் பக்கத்து மூலையில் குத்திய பெரணியை இழுத்துக்கொண்டுபோய்ப் படியில் போட்டு அதன்மேல் படுத்துக்கொள்ளும். இவள் திரும்பக் குத்துவாள். அது திரும்ப இழுக்கும்.

"ஒனக்கு மெத்தை கேக்குதோ? வெளக்கமாறு பிஞ்சிரும், ஓடு!" என்று துரத்துவாள். ரூபி வாலை ஆட்டும். கடைசியில் அலுத்துப்போய், "அந்த மூலை போனாப் போகுது, நாய்க்குன்னு விட்ருவோம்" என்று விட்டுவிட்டாள்.

விதை முளைத்தது. அவள் என்னை போனில் கூப்பிட்டு, "வந்து பாருண்ணே, பாரு" என்றாள். நான் குனிந்து பெரணியை விலக்கிப் பார்த்தேன். மண்ணின்மேல் பச்சையாக ஒரு ரோமம் ஓடியிருந்தது. எங்கும் இடைவெளி இல்லை. ஜோபி வந்து பார்த்து, "சேச்சி, சாவியை வாங்கிக்கோ" என்று அறைச் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டான். அவள் அதைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டாள். அன்று எங்கள் வீட்டில் சாப்பிடும்போது அந்த முடிச்சை இரண்டு முறை தொட்டுப் பார்த்ததை மூக்கம்மாள் பிறகு சொன்னாள்.

பிறகு ஐப்பசி மழை பிடித்தது. வெயில் முகத்தையே பார்க்க முடியவில்லை. மஞ்சு இறங்கினால் எதிரே நிற்கிற ஆள் தெரியாது. பெரணி காயவில்லை. காயக் காய நிழல் குறையும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். நனைந்த தழையோ கனத்து, சரிந்து, புல்லின்மேல் படிந்துவிட்டது. ஈரம் வடியாமல் அடியிலேயே நின்றது. தேயிலை நாற்றுக்கு அது சுகம். இரண்டு நாள் மழை விட்டபோதும், இலை வாடக்கூடாதே என்று அவள் தண்ணீர் தெளித்தாள்.

ஒரு காலை நான் அந்த வழியாக ரேஷன் கடைக்குப் போனேன். அவள் முற்றத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பிடுங்கிய பெரணி குவிந்து கிடந்தது.  கிட்டே போய்ப் பார்த்தேன். புல் நின்ற இடமெல்லாம் வெளிறி, நனைந்த முடிபோல மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. சிலந்திக்கூடு போன்ற சாம்பல் பூசணம் அதன்மேல் படர்ந்திருந்தது. அவள் ஒரு கீற்றைத் தொட்டாள். அடி அழுகி, கையோடு வந்துவிட்டது.

"எங்கனயாச்சும் தேறுமா?" என்று கேட்டேன்.

அவள் கையை நீட்டிக் காட்டினாள். படிக்கட்டுப் பக்கத்து மூலையில், ரூபி பெரணியை இழுத்துப்போட்ட இடத்தில், ஒரு பாய் அகலத்துக்குப் புல் நின்றது. கெட்டியாக, கரும்பச்சையாக, ஒவ்வொரு கீற்றும் நிமிர்ந்து நின்றது. ரூபி படியில் பெரணியின்மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"வெயிலுதாண்ணே கேட்டிருக்கு அது" என்றாள். "நாந்தான் மூடி மூடிச் சாகடிச்சிருக்கேன். அந்தப் பொண்ணு வாசிச்சுச் சொல்லத்தான் செஞ்சது."

"மழை இப்படிக் கொட்டும்னு யாருக்குத் தெரியும்?"

"மழை அந்த மூலையிலயுந்தான் பேஞ்சுது."



மிச்சமிருந்த விதையை அவள் மறுபடி போட்டாள். இந்தமுறை எதையும் மூடவில்லை. குருவியை ஓட்டிக்கொண்டு பகல் முழுக்கப் படியில் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அதற்குள் கார்த்திகைக் குளிர் இறங்கிவிட்டது. குளிர்ந்த மண்ணில் விதை அசையவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக, கிழவன் தாடி மாதிரி முளைத்து அப்படியே நின்றது. ஜோபி காலையும் மாலையும் வந்து பார்த்துவிட்டுப் போவான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மார்கழி பிறக்கப்போகிறவரைக்கும் பொறுத்தான்.

பிறகு ஒரு லாரி வந்தது. நர்சரியில் வளர்த்த புல்லை மண்ணோடு சீவி, பாய் போலச் சுருட்டி அடுக்கியிருந்தார்கள். கூடவே அடிமாலியிலிருந்து பினு என்ற ஆள் வந்தான். சின்ன வயது, நல்ல சுறுசுறுப்பு. முருகேஸ்வரி இத்தனை நாள் பார்த்துப் பார்த்துச் செய்த தரையை இன்னொருமுறை கிளறிவிட்டு, சுருளை உதைத்து உதைத்து விரித்தான்.

"இத்தறையே உள்ளூ சேச்சி, இவ்வளவுதான். பாய் விரிக்கிற மாதிரி. விதையெல்லாம் யாரு இப்போ போடுறா?" என்று அவளைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

அவள் வேர்த் துணுக்கைப் பொறுக்கி அவனுக்கு உதவினாள். மதியத்துக்குள் முற்றம் பச்சையாகிவிட்டது. ஒட்டுப்போட்ட கோடுகள் மட்டும் தெரிந்தன. நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார்கள்.

நிமிதான் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சேச்சி, விஷமிக்கண்டா, வருத்தப்படாதீங்க. இந்தப் புல்லு வேர் பிடிக்கிறவரை பினு இங்கதான் தங்கணும்னு புல்லு வித்த கம்பெனிக்காரங்க சொல்றாங்க. அப்புறமும் அவனையே வெச்சுக்கலாம்னு ஜோபி… சேச்சி பகல்ல வந்து பெருக்கித் தரலாமே? தினமும் வரலாம்."

"எங்கருந்து வருவேன் தாயி?" என்று கேட்டாள் முருகேஸ்வரி. கோபமில்லை அந்தக் குரலில். முந்தியை அவிழ்த்துச் சாவியை எடுத்துக் கொடுத்தாள். முடிச்சு இறுகியிருந்ததால் பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டியிருந்தது.

ஈஸ்வரனுக்கு நான்தான் போன் போட்டுச் சொன்னேன். அவன் நல்ல பையன். "அம்மாவ எப்பவோ வரச் சொன்னேனே மாமா, அவுகதான கேக்கல" என்றான். பிறகு, "அந்த நீல டிரம்ம மறக்காமக் கொண்டாரச் சொல்லுங்க. இங்க கோடை வந்தா தண்ணி எப்பவாச்சும்தான் வருது" என்றான்.

டிரம்மை எடுக்க நான் ஜோபி வீட்டுக்குப் போனேன். அறையில் பினுவின் பாயும் பையும் இருந்தன. சட்டைகள் ஜன்னல் கம்பியில் தொங்கின. அதனால் மேல் சரிவு தெரியவில்லை. டிரம் காலியாகத்தான் இருந்தது. அதில் ஒருநாளும் தண்ணீர் பிடிக்கவில்லை என்று அடியைப் பார்த்தாலே தெரிந்தது.

வெளியே வரும்போது படிக்கட்டுப் பக்கம் பார்த்தேன். சுருள் அந்த மூலைவரை எட்டவில்லை போலிருக்கிறது. அவள் விதைத்த புல்லை அப்படியே விட்டிருந்தார்கள். நிறம் சேரவில்லை. புதுப்புல் வெளிர்பச்சை, இது கரும்பச்சை. யாரும் அதைச் சரிசெய்ய மெனக்கெடவில்லை.

வருஷம் முடிவதற்குமுன் அவள் லயத்து வீட்டைக் கழுவித் துடைத்து, ஆபீசில் சாவியைக் கொடுத்தாள். பூப்பாறையில் போடி பஸ் ஏற்றிவிட்டோம். கண்டக்டர் டிரம்மைப் பார்த்து, "பாட்டி, இதுக்குள்ள பேரன ஒளிச்சு வெச்சிருக்கீயளா?" என்றான். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மூக்கம்மாள் அவள் மடியில் புளிச்சோற்றுப் பொட்டலத்தை வைத்தாள். போடி மெட்டில் இறங்கும்போது காதடைக்கும், பஞ்சு வைத்துக்கொள் என்று நான் சொன்னேன்.  பஸ் திரும்பும்போது அவள் எதிர்ப்பக்கத்து ஜன்னல் வழியாக மேல் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்க்கவில்லை.

மாசிவாக்கில் ஒருநாள் போன் செய்தாள். குரல் கம்மியிருந்தது. உடம்பு பொரிந்திருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் என்றாள். பகலில் என்ன செய்கிறாய் என்றேன். பிசிறு வெட்டுகிறேன் என்றாள். கம்பெனியிலிருந்து மருமகள் கொண்டுவரும் பனியன்களில் தொங்கும் நூலைக் கத்தரிக்கும் வேலை. வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து செய்வது.

"அண்ணே, ஜோபி ஊட்டுப் பக்கம் போனியா?"

"போனேன்."

"அந்த மூலை இருக்கா?"

இருப்பதை இருப்பதாகத்தான் சொன்னேன். பனியில் நுனி கருகிக் கிடந்தது, ஆனால் அடி பச்சையாகத்தான் இருக்கிறது, வெயில் அடித்தால் தேறிவிடும் என்றேன்.

 அந்தப் பக்கம் தகரக்கூரை சூட்டில் படபடவென்று வெடிக்கும் ஒலி மட்டும் கேட்டது.

"வெயிலு இங்க கெடக்குண்ணே, எம்புட்டு வேணும்" என்றாள்.